'தீவு' என்று அழைக்கப்பட்ட வண்டல் மேடு: ஒரு குடியிருப்பு மழைநீர் ஏரியின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஏறத்தாழ நானூறு வீடுகள் கொண்ட குடியிருப்பு ஒன்றின் நடுவே இருக்கும் ஏரி இது. பரப்பு 1.2 ஹெக்டேர். சராசரி ஆழம் ஒன்றரை மீட்டர். மிக ஆழமான இடத்தில் மூன்று மீட்டர். நிலத்தை மனைகளாகப் பிரித்தபோதே வெள்ளத் தடுப்புக்காக இதைத் தோண்டியிருக்கிறார்கள். சுற்றியுள்ள 30 ஹெக்டேர் கூரைகள், சாலைகள், புல்வெளிகளின் மழைநீர் மூன்று குழாய்கள் வழியே இதில் விழுகிறது. மிகை நீர் கலங்கல் வழியே பொது வடிகாலுக்குப் போகிறது.

வீடு விற்றவர்கள் இதை 'ஏரிக் காட்சி' என்று விளம்பரப்படுத்தினார்கள். பின்னாளில் எழுந்த சச்சரவுகளில் பாதி இங்கிருந்தே தொடங்கியவை. வடிகாலை வடிவமைத்த பொறியாளருக்கு இது அழுக்கைத் தேக்கிவைக்கும் தொட்டி. வீடு வாங்கியவர்களுக்கு அழகுக்கு அமைத்த நீர்நிலை. அழுக்கைப் பிடிக்க வெட்டிய இடத்தில் அழுக்கு சேரத்தான் செய்யும். சேர்ந்ததை அவ்வப்போது அள்ள ஓர் ஏற்பாடு வேண்டும். அந்த ஏற்பாடு காகிதத்தில் இருந்தது; காகிதம் எங்கே இருக்கிறது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை.

ஒரு சிறு கணக்கு. 25 மி.மீ. மழை பெய்து அதில் பாதி மட்டும் ஓடிவந்தாலும் 3,750 கனமீட்டர் நீர் ஏரிக்குள் நுழையும். ஏரியின் கொள்ளளவு 18,000 கனமீட்டர். அதாவது ஐந்து நல்ல மழை பெய்தால் ஏரியின் கொள்ளளவுக்கு ஈடான நீர் புதிதாக வந்துவிடும். கோடையிலோ அதே நீர் மாதக்கணக்கில் நின்று காயும். மழைக்காலத்தில் ஏரியின் தரத்தைத் தெரு தீர்மானிக்கிறது, கோடையில் அடிச்சேறு தீர்மானிக்கிறது. பிற்பாடு எடுத்த முடிவுகள் எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான்.

மூன்று குழாய்களில் பெரியதன் வாயில், கற்களை அடுக்கித் தடுத்த ஒரு வண்டல் தொட்டி இருந்தது. ஓடிவரும் நீர் வேகம் தணிந்து மணலையும் சேற்றையும் அங்கே இறக்கிவிட்டு ஏரிக்குள் போக வேண்டும் என்பது ஏற்பாடு. பதினெட்டு ஆண்டுகளாக அதை யாரும் தூர் வாரவில்லை. தொட்டி நிரம்பி மேடாகி, மேட்டில் நாணலும் சம்பும் வளர்ந்து, கொக்குகள் கூடு கட்டின. குடியிருப்பவர்கள் அதற்குத் 'தீவு' என்று பெயர் வைத்திருந்தார்கள். குடியிருப்போர் சங்கத்தின் நாட்காட்டியில் அதன் படம்கூட வந்திருக்கிறது.

கோளாறு வெளிப்பட்ட விதம்

சில ஆண்டுகளாகவே கோடைதோறும் நீர் பச்சையாகிவந்தது. சங்கம் ஒரு பராமரிப்பு ஒப்பந்தக்காரரை அமர்த்தியது. அவர் மயில்துத்தம் கரைத்துத் தெளித்தார். பாசியைக் கொல்லத் தாமிர உப்பைப் பயன்படுத்துவது பழைய முறை. அமெரிக்க வேளாண் துறை 1904-இலேயே இதைப் பரிந்துரைத்து வெளியிட்டிருக்கிறது. சில நாட்களில் நீர் தெளியும், எல்லோரும் மகிழ்வார்கள், சில வாரங்களில் பச்சை திரும்பும். ஆண்டுக்கு ஒரு முறை போதுமாக இருந்த மருந்து இரண்டாகி, பிறகு மாதந்தோறும் என்றாயிற்று.

ஆய்வுக்குக் காரணமான கோடையில், பச்சைப் பெயின்ட்டைக் கொட்டியதுபோல ஏரியின் கிழக்கு மூலை முழுவதும் ஏடு படிந்தது. மருந்து தெளித்தார்கள். இரண்டு நாள் கழித்து மேகம் மூடிய பகலும், அதைத் தொடர்ந்து காற்றே இல்லாத இரவும் வந்தன. விடிந்தபோது நூற்றுக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன.

கழிவுநீர் கலந்துவிட்டது என்றார்கள் சிலர். யாரோ நஞ்சு வைத்தார்கள் என்றார்கள் சிலர். ஒப்பந்தக்காரர் தன் அளவீட்டுத் தாள்களைக் காட்டினார். ஒவ்வொரு வருகையிலும் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 11, 12 மி.கி. என்று பதிவாகியிருந்தது. தாளில் பொய் எதுவும் இல்லை. ஆனால் எல்லா அளவீடுகளும் நண்பகலுக்குப் பிறகு, கரையோரத்தில், மேல்நீரில் எடுத்தவை. இந்தக் கட்டத்தில்தான் சங்கம் என்னை ஆலோசகராக அழைத்தது.

அளந்தவை

முதல் வேலையாக, விடியும் முன் படகில் சென்று ஏரியின் ஆழமான இடத்தில் மேலிருந்து கீழாக அளந்தோம். மேல்நீரில் ஆக்சிஜன் 2.8 மி.கி.; ஒன்றரை மீட்டரில் 1-க்கும் கீழே; அடியில் ஒன்றுமே இல்லை. அடிநீரை எடுத்துக் குப்பியைத் திறந்தால் அழுகிய முட்டை நாற்றம். அன்று பிற்பகலே அதே இடத்தில் மேல்நீரில் 12-க்கு மேல் காட்டியது, அடி அப்படியேதான் இருந்தது.

30 டிகிரி வெப்பத்தில் நன்னீர் காற்றோடு சமநிலையில் வைத்துக்கொள்ளக்கூடிய ஆக்சிஜன் லிட்டருக்கு ஏறத்தாழ 7.6 மி.கி. மட்டுமே. 12 என்று காட்டினால் அதை ஆரோக்கியமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வெயிலில் பாசி அளவுமீறி ஒளிச்சேர்க்கை செய்கிறது என்றே அதற்குப் பொருள். அதே பாசி இரவெல்லாம் சுவாசித்து ஆக்சிஜனைத் தின்கிறது. காரகாடித்தன்மையும் இதே கதையைச் சொன்னது: விடியலில் பி.எச். 7.6, பிற்பகலில் 9.3. பகலில் பாசி கரியமில வாயுவை உறிஞ்சிக்கொள்வதால் வரும் ஏற்றம் இது.

மீன்கள் செத்ததற்கு விடை இதில் இருந்தது. மருந்தில் மடிந்த பாசி அழுகும்போது ஆக்சிஜனைச் செலவழித்தது. மேகமூட்டமான பகலில் புதிதாக ஆக்சிஜன் உண்டாகவில்லை. காற்றும் அடிக்காததால் மேலிருந்து கரையவும் இல்லை. நீரில் கடினத்தன்மை போதுமான அளவு இருந்ததால் தாமிரம் நேரடியாக மீனைக் கொன்றிருக்கும் வாய்ப்பு குறைவு. ஆனாலும் 'நஞ்சுதான் காரணம்' என்று சொன்னவர்களைப் பார்த்துச் சிரிக்கத் தோன்றவில்லை. சுற்றுவழியில் அவர்கள் சொன்னது உண்மை.

நீரின் தெளிவை அளக்க, வெள்ளையும் கறுப்புமான செக்கித் தட்டைக் கயிற்றில் இறக்கினால் 35 செ.மீ. ஆழத்திலேயே கண்ணுக்கு மறைந்துவிட்டது. நுண்ணோக்கியில் பெரும்பாலும் மைக்ரோசிஸ்டிஸ் என்னும் நீலப்பச்சைப் பாசி. அதன் எண்ணிக்கை, உலகச் சுகாதார நிறுவனம் 2003-இல் நீர் விளையாட்டிடங்களுக்கு மிதமான அபாய எல்லையாகக் குறித்த மில்லிலிட்டருக்கு 1,00,000 செல்களைத் தாண்டியிருந்தது. அன்றே எச்சரிக்கைப் பலகை வைத்தோம்: நீரில் இறங்கக் கூடாது, நாய்களைக் குடிக்க விடக் கூடாது. நாய் வளர்ப்பவர்கள்தான் இதை முதலில் மதித்தார்கள்.

பாசிக்கு உரமாகும் பாஸ்பரஸின் மொத்த அளவு லிட்டருக்கு மேல்நீரில் 0.14 மி.கி., அடிநீரில் 0.4 மி.கி. ஏரிகளை ஊட்டம் மிகுந்தவை என்று வகைப்படுத்தப் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு 1982-இல் வைத்த எல்லை 0.035 மி.கி. அடிநீரில் மூன்று மடங்கு இருப்பது ஏன்? சேற்றில் ஆக்சிஜன் இருக்கும்வரை இரும்பு பாஸ்பரஸைப் பிடித்துவைத்திருக்கும். ஆக்சிஜன் தீர்ந்ததும் இரும்பு கரைந்து பிடியை விட்டுவிடும். கிளிஃபோர்ட் மார்ட்டிமர் 1941-இலும் 1942-இலும் விரிவாக எழுதிய வேதியியல் இது. பதினெட்டு ஆண்டுச் சேமிப்பை ஏரி கோடைதோறும் வட்டியோடு எடுத்துச் செலவழித்துக்கொண்டிருந்தது.

சங்கக் கூட்டத்தில் ஒருவர் கேட்ட கேள்வி நியாயமானது: நைட்ரஜனும் உரம்தானே, ஏன் பாஸ்பரஸையே பிடித்துக்கொள்கிறீர்கள்? கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் 226-ஆம் எண் ஏரியில் நடந்த சோதனையை அவருக்குச் சொன்னேன். டேவிட் ஷிண்ட்லரின் குழு 1973-இல் அந்த ஏரியின் குறுக்கே திரைகட்டி இரண்டாகப் பிரித்தது. இரு பாதிகளிலும் கார்பனும் நைட்ரஜனும் இட்டார்கள். ஒரு பாதியில் மட்டும் பாஸ்பரஸும் சேர்த்தார்கள். அந்தப் பாதி மட்டும் பச்சையானது. நீலப்பச்சைப் பாசிகளில் சில வகைகள் நைட்ரஜனைக் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளும். பாஸ்பரஸுக்கு அப்படியொரு குறுக்குவழி இல்லை. பாசியின் சராசரிச் சேர்மானத்தை வைத்துக் கணக்கிட்டால் ஒரு கிலோ பாஸ்பரஸிலிருந்து நூறு கிலோவுக்கும் மேல் உலர்ந்த பாசி உருவாகலாம்.

மழையில்லாத நாளில் ஓடிய குழாய்

மழை பெய்து பல நாட்களான பிறகும் வடக்குக் குழாயிலிருந்து மெல்லிய நீர் வடிந்துகொண்டிருந்தது. மழைநீர்க் குழாயில் உலர்ந்த நாளில் நீர் ஓடினால் எங்கோ தவறான இணைப்பு இருக்கிறது என்று கொள்ளலாம். ஆள்துளை மூடிகளை ஒவ்வொன்றாகத் திறந்து மேல்நோக்கிப் போனோம். நுரையும் சோப்பு மணமும் வழிகாட்டின. கடைசியில் தீங்கற்ற நிறச்சாயத்தை ஊற்றி உறுதிசெய்தோம். இரு வீடுகளின் துணி துவைக்கும் இடத்து வடிநீர், கட்டியபோதே மழைநீர்க் குழாயில் சேர்க்கப்பட்டிருந்தது. அந்த வீட்டுக்காரர்களுக்கே இது தெரியாது. பெயரைக் கூட்டத்தில் சொல்லாமல் சங்கச் செலவிலேயே இணைப்பை மாற்றிவிடலாம் என்று செயலாளர் முடிவெடுத்தார். அது நல்ல முடிவு. பெயர் வெளியே போயிருந்தால் அடுத்து எந்த வீட்டுக்காரரும் ஆள்துளையைத் திறக்கச் சம்மதித்திருக்க மாட்டார்.

எல்லாவற்றிலும் கண் திறந்த அளவீடு மழையின்போது கிடைத்தது. ஓய்வுபெற்ற ஒருவரும் இரண்டு மாணவர்களும் குடை பிடித்துக்கொண்டு, மழை தொடங்கிய முதல் அரை மணி நேரத்தில் பெரிய குழாயின் வாயிலும், 'தீவை'த் தாண்டிய இடத்திலும் மாதிரி எடுத்தார்கள். தீவைத் தாண்டிய நீரில்தான் பாஸ்பரஸும் சேற்றுக் கலக்கமும் கூடுதலாக இருந்தன. நிரம்பிவிட்ட தொட்டி புதிதாக எதையும் பிடிக்கவில்லை. பழைய சேற்றை அரித்து ஏரிக்குள் தள்ளிக்கொண்டிருந்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

மயில்துத்தத்தை நிறுத்துவதற்கே எதிர்ப்பு வந்தது. 'வேலை செய்கிற ஒரே மருந்தை நிறுத்தச் சொல்கிறீர்களே' என்றார்கள். ஏரியின் அடிச்சேற்றைச் சோதித்த அறிக்கை அதற்குப் பதில் சொன்னது. தெளித்த தாமிரம் எங்கும் போய்விடவில்லை, அடியில் படிந்திருந்தது. ஏரி முழுவதையும் தூர் வாரினால் அந்தச் சேற்றைச் சாதாரண மண்ணாகக் கொட்ட முடியாது. அகற்றும் செலவு பன்மடங்காகும். அதனால் ஏரி முழுவதையும் தூர் வாரும் யோசனை அப்போதே கைவிடப்பட்டது. வண்டல் தொட்டியின் சேற்றில் தாமிரமும் துத்தநாகமும் வரம்புக்குள்தான் இருந்தன. அதை அள்ளுவதில் தடையில்லை.

இருந்த நீரூற்றை இன்னும் பெரிதாக்கலாம் என்று ஒரு தரப்பு கேட்டது. நீரூற்று பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் அது மேல்நீரையே எடுத்து மேலேயே வீசுகிறது. அடிச்சேற்றுக்கு அதனால் பயன் மிகக் குறைவு. அதற்குப் பதில் கரையில் காற்றழுத்தி வைத்து, கனமான குழாய் வழியே அடியில் குமிழி விடும் அமைப்பைத் தேர்ந்தோம். குமிழித் தட்டுகள் சேற்றில் புதையாமலும் சேற்றைக் கிளறாமலும் இருக்கச் சிறு தாங்கிகளின் மேல் அமர்த்தப்பட்டன. தொடங்கும்போது முதல் நாள் சில நிமிடங்கள் மட்டும் ஓட்டி, பின் நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்டினோம். ஆக்சிஜனே இல்லாத அடிநீரை ஒரேயடியாக மேலே கிளப்பியிருந்தால், மீன்களைக் காக்க வாங்கிய இயந்திரமே அவற்றைக் கொன்றிருக்கும்.

'தீவு' விஷயம் மூன்று கூட்டங்களை விழுங்கியது. "தீவை வெட்டினால் கொக்குகள் எங்கே போகும்?" என்று கேட்டவர்களைப் பிடிவாதக்காரர்கள் என்று ஒதுக்க முடியாது, அந்த ஏரியில் அவர்கள் விரும்பிப் பார்த்த ஒரே இடம் அது. மழை மாதிரிகளின் முடிவுதான் பேச்சை முடிவுக்குக் கொண்டுவந்தது. கூடு கட்டும் பருவம் முடிந்த பிறகே வேலை தொடங்குவது, தெற்குக் கரையில் நீர் ஓட்டம் படாத இடத்தில் நாணல் திட்டு ஒன்றை முன்கூட்டியே வளர்ப்பது என்ற இரு நிபந்தனைகளோடு ஒப்புக்கொண்டார்கள். வடிகால் துறையின் அனுமதியும் பெறப்பட்டது. அனுமதிக்காக வந்த பொறியாளர் கலங்கலில் யாரோ பலகை செருகி நீர்மட்டத்தை உயர்த்தியிருந்ததைக் கண்டார். ஏரி நிறைந்து தெரிய வேண்டும் என்ற ஆசை. வெள்ளம் தேங்க வேண்டிய இடம் அதனால் குறைந்திருந்தது. பலகை அன்றே எடுக்கப்பட்டது.

தெருவைப் பொறுத்தவரை இரண்டே விதிகள். புல்வெளிக்குப் பாஸ்பரஸ் இல்லாத உரம். வெட்டிய புல்லும் உதிர்ந்த இலையும் சாலையில் கிடக்கக் கூடாது, மழைக்கு முன்பே அள்ளிவிட வேண்டும். இலை பெரிய விஷயமா என்று கேட்டவர்களுக்குப் பதில் இருந்தது. அமெரிக்காவின் மாடிசன் நகரில் அந்நாட்டுப் புவியியல் அளவைத் துறை நடத்திய ஆய்வில், இலையுதிர் காலத்தில் தெரு இலைகளை மழைக்கு முன் அகற்றியபோது மழைநீரில் வந்த மொத்தப் பாஸ்பரஸ் 84 விழுக்காடு குறைந்தது. ஊறும் தேயிலை சாறு விடுவதுபோல் சாலையில் கிடக்கும் இலையும் விடும் என்று ஒரு பாட்டி எனக்கு முன்பே கூட்டத்தில் விளக்கிவிட்டார்.

அலுமினியம் சல்பேட் இட்டு நீரிலும் சேற்றிலும் உள்ள பாஸ்பரஸைக் கட்டிவைக்கும் முறையும் பேசப்பட்டது. அதை ஒத்திவைத்தோம். மேலிருந்து புதிய வண்டல் வந்துகொண்டே இருக்கும்போது மருந்து அதன் அடியில் புதைந்துபோகும். கவனமும் மிகுதியாகத் தேவை: லிட்டருக்கு ஒரு மி.கி. அலுமினியம் சல்பேட் பி.எச். சரியாமல் தாங்கும் காரத்தன்மையில் ஏறத்தாழ அரை மி.கி.யைத் தின்றுவிடும், பி.எச். 6-க்குக் கீழே போனால் கரையும் அலுமினியம் மீனுக்கு நஞ்சு. பிற்பகலில் 9-ஐத் தாண்டும் நீரிலோ அது சரியாகப் பிடிக்காது.

பின்னர் நடந்தவை

குமிழி அமைப்பு ஓடத் தொடங்கிய முதல் கோடையில் விடியல் நேரத்தில் அடிநீர் ஆக்சிஜன் 3 மி.கி.க்குக் குறையவில்லை. மீன் சாவு இல்லை. பச்சை மட்டும் பெரிதாகக் குறையவில்லை. சங்கத்தில் முணுமுணுப்பு எழுந்தது. அதன்பின் தொட்டியைத் தூர் வாரி, கற்தடுப்பைச் சீரமைத்து, ஒரு மழைக்காலம் முழுவதும் கடந்த பிறகே மாற்றம் கண்ணுக்குத் தெரிந்தது. இரண்டாம் கோடையில் செக்கித் தட்டு 90 செ.மீ. வரை தெரிந்தது, மேல்நீரில் பாஸ்பரஸ் 0.07 மி.கி.யாக இருந்தது. இது பாதியாகக் குறைந்த அளவு, ஆனாலும் 0.035-க்கு இரு மடங்கு. அந்தக் கோடையின் கடைசியில் இரண்டு வாரம் கிழக்கு மூலையில் ஏடு மீண்டும் வந்தது. எச்சரிக்கைப் பலகையை மறுபடி வைத்தோம், மருந்து தெளிக்கவில்லை. மழை வந்ததும் கலைந்தது.

நீர் தெளிந்ததும் புதிய புகார் வந்தது. வெளிச்சம் அடிவரை எட்டியதால் நீரடித் தாவரங்கள் முளைத்துக் கரையோரம் அடர்ந்தன. 'பாசி போய்க் களை வந்தது, இதற்கா இவ்வளவு செலவு' என்று கேட்டார்கள். ஆழமில்லாத ஏரிக்குப் பெரும்பாலும் இரண்டு நிலைகள்தான்: ஒன்று தாவரங்களோடு தெளிந்த நீர், மற்றொன்று தாவரமின்றிப் பச்சை நீர். இரண்டும் இல்லாமல் கண்ணாடிபோல் இருக்க வேண்டுமென்றால் அது நீச்சல்குளம். புல் கெண்டைகளை விட்டுக் களையைத் தின்ன வைக்கலாம் என்ற யோசனையை மறுத்தேன். அவை தாவரத்தை முழுக்கத் தின்று, அதிலிருந்த ஊட்டத்தைக் கழிவாக நீரிலேயே விடும்; பச்சை திரும்பும். கலங்கல் வாயையும் மக்கள் உட்காரும் கரையையும் ஒட்டி மட்டும் வெட்டுவது, வெட்டியதைக் கரையில் அழுக விடாமல் அன்றே அகற்றுவது என்று முடிவாயிற்று. எல்லோருக்கும் இதில் மனநிறைவு என்று சொல்ல மாட்டேன்.

கொக்குகள் தெற்குத் திட்டுக்கு முதல் ஆண்டு வரவில்லை. இரண்டாம் ஆண்டு சில வந்தன.

இதே நிலையில் இருப்பவர்கள் மாற்றிக்கொள்ள வேண்டியவை

வேலைகளின் வரிசை மாற வேண்டும். இங்கே மீன் சாவு தந்த பதற்றத்தில் காற்றழுத்தி முதலில் வந்தது, தொட்டி பிறகு வந்தது. மீனைக் காக்க அது தேவைதான். ஆனால் மழைக்கால மாதிரிகள் முதலிலேயே கையில் இருந்திருந்தால் இரண்டையும் ஒரே ஆண்டில் முடித்து, 'இயந்திரம் வாங்கியும் பச்சை போகவில்லை' என்ற ஓராண்டு அதிருப்தியைத் தவிர்த்திருக்கலாம். மழையில் இரு இடங்களில் மாதிரி எடுக்கப் பெரிய செலவில்லை. இயந்திரத்துக்கு முன் அதைச் செய்வது எல்லா வகையிலும் மலிவு.

பராமரிப்பு ஒப்பந்தத்தில் அளவீட்டின் நேரத்தையும் ஆழத்தையும் எழுத வேண்டும். 'கரைந்த ஆக்சிஜன் அளக்கப்படும்' என்ற வரி போதாது. 'சூரிய உதயத்துக்கு முன், ஆழமான இடத்தில், அடியிலிருந்து அரை மீட்டர் உயரத்தில்' என்று இருக்க வேண்டும். தெளித்த மருந்தின் அளவுக்குப் பணம் தரும் ஒப்பந்தம் மருந்தையே பெருக்கும். புதிய ஒப்பந்தத்தில் அந்த வகைக் கட்டணம் இல்லை.

வண்டல் தொட்டியில் இப்போது அளவு குறித்த கம்பம் நிற்கிறது. சேறு பாதிக் குறியைத் தொட்டால் தூர் வார வேண்டும் என்பது சங்கத்தின் எழுத்துப்பூர்வ விதி. அதற்கான தொகை ஆண்டுக் கணக்கில் தனித் தலைப்பாக ஒதுக்கப்படுகிறது. தொட்டியில் முளைக்கும் நாணலை வேர் பிடிக்கும் முன் ஆண்டுக்கொரு முறை பிடுங்குவதும் அதே விதியில் இருக்கிறது. அலுமினியம் சல்பேட் இடுவது பற்றி, எவ்வளவு இட வேண்டும் என்று ஏரி நீரைக் குவளைகளில் எடுத்துப் பார்க்கும் சோதனையின் முடிவுகளோடு அடுத்த பொதுக்குழுவில் பேசுவதாக இருக்கிறார்கள்.